ஆறரை மணித் தாளம்

19 யூன் 2003, வியாழன்

மின்சாரம் எழுப்பிய ‘டும்’ ஒன்று, கணினி எண்களால் கட்டிய ‘டும்’ ஒன்று. காதுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றால் எது போலி? எனக்குத் தெரியாது. இருபத்திநான்கு வருடமாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள் இப்படி எழுதுவது வெட்கம்தான்.

லாபிரின் கணினிக் கடையில் இன்று கேட்டேன். எண்பதுகளில் வந்த, தானே தாளம் போடும் ரிதம் பெட்டியை அப்படியே மென்பொருளாகச் செய்திருக்கிறார்கள். திரையில் அதே திருகிகள், அதே சிவப்புப் பொத்தான்கள். நான் நம்பவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினேன். பிறகு இன்னொன்று. கடை பூட்ட வேண்டுமென்று லாபிர் சாவியைக் குலுக்கியபோதுதான் இரண்டு மணித்தியாலம் போனது தெரிந்தது.

22 யூன்

கனகசிங்கம் அண்ணை வந்தார். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எண்பத்தொன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கெல்லாம் அவருடைய இசைக்குழுதான். தாளத்துக்கு ஆள் இல்லை, ஒரு ரிதம் பெட்டி மட்டும். தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது அதை வீட்டில் விட்டுப் போனார். திரும்பி வர, வீட்டில் கதவுகூட இல்லை. குழுவும் அத்தோடு நின்றது. இப்போது சண்டை ஓய்ந்திருக்கிறதே என்று வரும் பன்னிரண்டாம் திகதிக்கு மண்டபம் எடுத்திருக்கிறார்.

“பெட்டி இல்லாமல் நான் மேடை ஏறமாட்டன் ரீச்சர். கொம்பியூட்டருக்குள்ளை கிடக்கெண்டு லாபிர் சொல்லுறான். நீங்கள் லேசில ஒண்டையும் நம்பாத ஆள். நீங்கள் ஓம் எண்டால் ஓம்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

28 யூன், சனி

முதல் ஒத்திகை. லாபிரின் மடிக்கணினியை மேசையில் வைத்துத் தாளத்தை விட்டேன். அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். “அதே ஆள்தான்,” என்றார். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மூன்றாம் பாட்டில் குழம்பியது. இராசமலர் — கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில் வேலை, அந்த நாளிலிருந்தே குழுவின் பாட்டுக்காரி — பின்தங்கிப் பின்தங்கிப் போனாள்.

“ரீச்சர், உங்கட பெட்டியை நாய் துரத்துதோ?”

“நிமிஷத்துக்கு நூற்றிருபது. மாறவே இல்லை. பார்.”

“நம்பர் சரி. பாட்டு ஓடுதெல்லோ!”

அடுத்த சனிக்குள் சரிவராவிட்டால் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கிறாராம் அண்ணை.

30 யூன்

பத்தாம் ஆண்டுக்கு ஊசல் படிப்பிக்கும்போது மேசையில் விரலால் தாளம் போட்டிருக்கிறேன். முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

2 யூலை

கண்டுபிடித்துவிட்டேன்!

எண்பத்துநாலில் ஒரு கலியாண வீட்டில் பதிந்த கசெற்றை இராசமலர் தந்திருந்தாள். நிறுத்தற் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். முதல் பாட்டு நூற்றிருபது. ஐந்தாவது, நூற்றிப்பதினொன்று. நாடா இழுபட்டதோ? இழுபட்டால் குரலும் தடித்திருக்கும். தடிக்கவில்லை. வேகம் மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

கலியாண வீடுகளில் இவர்கள் பாடத் தொடங்குவது மாலை ஆறரை! ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரம். கரண்டின் வோல்ற்றேச் இறங்க இறங்க அந்தப் பழைய பெட்டி களைத்திருக்கிறது. ஒன்பது வருடம் இவர்கள் அந்தக் களைப்போடேயே பாடிப் பழகியிருக்கிறார்கள். மென்பொருளைச் செய்தவர்கள் ஒவ்வொரு திருகியையும் நகலெடுத்தார்கள், எங்கள் ஊர்க் கரண்டை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏலாது.

குசினியில் தனியே நின்று சிரித்தேன். தேத்தண்ணி கொதித்து வழிந்தது. போகட்டும்.

5 யூலை, சனி

நூற்றிருபதிலிருந்து மெல்ல இறங்கும்படி வேகத்தைச் சரிவாக வரைந்து கொண்டுபோனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐந்து பாட்டும் ஒரு பிசகில்லாமல் வந்தன.

“இப்பதான் பெட்டிக்குப் புத்தி வந்திருக்கு,” என்றாள் இராசமலர்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். காரணத்தையும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாள். அண்ணை சிரிக்கவில்லை.

“அதை என்ர பாணி எண்டெல்லோ நான் சொல்லித் திரிஞ்சனான்.” மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். “நேராகவே விடுங்கோ ரீச்சர். கரண்டின்ர பிழைக்கு இனியும் நான் ஆடேலாது.”

“நேராய் விட்டா நான் பாடமாட்டன்,” என்றாள் இராசமலர். சிரிப்பு நின்றுவிட்டது.

11 யூலை

நாளை மண்டபம். கணினியில் இரண்டு தாளமும் ஆயத்தமாக இருக்கின்றன, நேரானதும் சரிவதும். எதென்று அண்ணை மேடையில் சொல்கிறாராம். இராசமலர் வருவாளா என்பதே தெரியாது.

எனக்குச் சரிவதுதான் வேண்டும். ஒன்பது வருடம் கரண்டோடு கூடவே இறங்கிப் பாடினார்களே, அது அவர்களுடைய பாணி இல்லாமல் வேறென்ன? இதை அன்றைக்கே அவருக்குச் சொல்லியிருக்க வேணும். விசரி. வோல்ற்றேச்சை மட்டும் சொல்லிப்போட்டு வந்தன்.

12 யூலை, சனி

இராசமலர் வந்தாள், முகத்தை நீட்டிக்கொண்டு. மேடை ஓரத்தில் அண்ணையைப் பிடித்து, நேற்று எழுதியதை அப்படியே சொன்னேன். தலையாட்டினார். எதற்கென்று விளங்கவில்லை. முதல் இரண்டு பாட்டும் நேராகவே போயின; இராசமலர் வேண்டாவெறுப்பாய்ப் பாடினாள். சனம் மரியாதையாகக் கைதட்டியது.

மூன்றாவதுக்கு முன் அண்ணை என் பக்கம் குனிந்தார்.

“ரீச்சர், லைற் போடுற நேரமாச்சு.”

சரிவை அழுத்தினேன். தாளம் இறங்கத் தொடங்கியதும் மண்டபத்தில் நாற்பது வயது தாண்டியவர்களெல்லாம் ஒன்றாகத் தாளத்துக்குக் கை தட்டினார்கள். பெட்டியோடு சேர்ந்து அவர்களும் வேகம் குறைத்தார்கள். யார் வீட்டுக் கலியாணங்களிலோ பழகிய கைகள். பாட்டு முடிந்தும் அந்தக் கைகள் தட்டிக்கொண்டேயிருந்தன. தாளத்தை நிறுத்த நான் மறந்துபோனேன். பதறிக் கையை நீட்டினேன்.

“நிப்பாட்டாதையுங்கோ!” என்றார் அண்ணை.

நிப்பாட்டவில்லை.