என் கைப்பட்டையின் வாயை அடைத்தது தொடர்பாக

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர்,
(இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்; கைப்பட்டை ஆய்வில் பங்கேற்பவர்)
உள்நோயாளிகள் பிரிவு, மூன்றாம் மாடி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு,
இதே மருத்துவமனை, ஐந்தாம் மாடி.

பொருள்: இதய மாற்று நோயாளிகளுக்கான கைப்பட்டை ஆய்வு – பட்டையின் எச்சரிக்கை எனக்குத் தெரியாமல் நிறுத்தப்பட்டது – விசாரித்து ஆவன செய்யக் கோருதல்.

பார்வை: இதே ஆய்வு குறித்து நான் முன்பு கொடுத்த மனு, அது உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாக வந்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு இன்னொருவருடைய இதயம் பொருத்தப்பட்டு ஓராண்டு தாண்டிவிட்டது. உடல் அதை ஏற்க மறுக்கத் தொடங்கினால் முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கான தங்கள் ஆய்வில் நானாக விரும்பிச் சேர்ந்தேன். மணிக்கட்டில் ஒரு பட்டை. அது நாடித் துடிப்பை எண்ணித் தரைத்தளத்திலுள்ள கண்காணிப்பு அறைக்கு அனுப்பும். துடிப்பு எல்லை மீறினால் பட்டை கத்தும், அறையிலிருந்து தொலைபேசி வரும், ஆம்புலன்சும் வரும். கழுத்து வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் சதை கிள்ளி எடுக்கும் சோதனையை இதனால் குறைக்கலாம் என்றார்கள். அந்தச் சோதனைக்கு ஒருமுறை படுத்தவன் எவனும் இதற்கு மாட்டேன் என்று சொல்லமாட்டான்.

2. மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும், சும்மா இருக்கும்போதே சற்று வேகமாக அடிக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. என்னை வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவர், "இது கொஞ்சம் வேகமாத்தான் ஓடும், அதுக்காகப் பயந்து ஓடி வராதீங்க" என்றார். அந்தச் செய்தி மாடிப்படி இறங்கித் தரைத்தளத்துக்குப் போய்ச் சேரவில்லை. பட்டையில் வைத்திருந்த எல்லை, பிறந்தபோது வந்த இதயத்தோடு நடமாடுபவர்களுக்கு உரியது. ஆகவே நான் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்தாலும் பட்டை கத்தியது.

3. மருத்துவரின் அனுமதியோடு வேலைக்குத் திரும்பிய பிறகு நடந்த ஒன்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். மாணவி ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட, வண்டி நடைபாதையில் ஏறிப் பழக்கடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. என் பக்கத்து பிரேக்கை மிதித்தபடி நான் குலதெய்வத்தைக் கூவி அழைத்தேன். இதயம் மட்டும் யாருக்கோ வந்த வம்பு என்று தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் அடங்கி, பழக்கடைக்காரர் திட்டித் தீர்த்து, நான் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான், நரம்பு அறுந்த அதற்கு இரத்தம் வழியாக விஷயம் எட்டியது. பட்டை கத்தியது. ஆம்புலன்ஸ் வந்தது. மாணவியை மறுநாளே அவருடைய அம்மா வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். "வாத்தியாரே, நீங்க வண்டி ஓட்டச் சொல்லித் தர்றீங்களா, ஆம்புலன்சுக்கு வழிவிடச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார் எங்கள் முதலாளி.

4. கண்காணிப்பு அறைப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. "எனக்கு இங்க சிவப்புல காட்டுது சார், நான் கூப்பிட்டே ஆகணும்" என்பார். அவர் கடமை அது. அதனால்தான் மாற்று இதயத்துக்கு ஏற்றபடி எல்லையை மாற்றித் தருமாறு முதல் மனுவைக் கொடுத்தேன். நான் கேட்டது அது ஒன்றுதான்.

5. மனு கொடுத்த சில நாட்களில் பட்டை அமைதியானது. "அப்பாடா, ஒரு வழியா அவங்க காதுல விழுந்துச்சு" என்றாள் மனைவி. நானும் நம்பினேன். சென்ற மாதம் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் நச்சரித்தபோது, "பட்டையே பேசாம இருக்கு, உனக்கு என்ன?" என்று அவள் வாயையும் அடைத்தேன். ஒரு காலையில் காலில் ஷூ நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். அவள் என்னைக் கேட்கவே இல்லை. செருப்போடு வாடகை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே சேர்த்தாள். உடல் இதயத்தை மறுக்கத் தொடங்கி நாளாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறியிருக்கும் என்றார் மருத்துவர்.

6. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: எல்லை மாற்றப்படவே இல்லை. எச்சரிக்கைதான் நிறுத்தப்பட்டிருக்கிறது. என் துடிப்பு வழக்கமான வேகத்தையும் தாண்டி ஏறிக்கொண்டே போனதெல்லாம் கணினியில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை. காரணம் கேட்டதற்கு ஆய்வு ஒருங்கிணைப்பாளர், "நீங்கதானே சார் தொந்தரவா இருக்குன்னு எழுதிக் கொடுத்தீங்க?" என்றார். ஐயா, எனக்கு வந்த ஆத்திரத்தை இந்த நடையில் எழுத முடியாது.

7. இதைவிட ஒன்று. சக்கர நாற்காலியில் என்னைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் வழியில், தாழ்வாரச் சுவரில் ஆய்வின் முன்னேற்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. "தேவையற்ற எச்சரிக்கைகள் வெகுவாகக் குறைந்துள்ளன" என்பது அதன் முதல் வரி. வாயைக் கட்டினால் சத்தம் குறையாமல் என்ன செய்யும்? நான் சாகக் கிடந்த வாரமும் அந்த வெற்றிக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.

8. எதிர்க் கட்டிலில் புதிதாக இதயம் மாற்றப்பட்ட ஓர் அம்மா இருக்கிறார். நேற்று அவர் கையிலும் பட்டையைக் கட்டினார்கள். அவருடைய தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க ரொம்ப நாளா கட்டியிருக்கீங்களே, இதை நம்பலாமா?" என்று கேட்டார். தூக்கம் வருவதாகச் சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

9. ஆய்வை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை, விலகவும் மாட்டேன். யாரோ ஒரு குடும்பம் அழுதுகொண்டே கொடுத்த இதயம் இது, இதைக் காப்பாற்ற வழி தேடுவது நல்ல காரியம். ஆகவே, பட்டையின் எல்லையை அறுவை மருத்துவர்களே குறித்துத் தரவும், என்னைப்போல் வேறு யாருடைய பட்டையாவது ஊமையாக்கப்பட்டிருந்தால் அவர்களுக்கு இன்றே சொல்லவும், எனக்கு நேர்ந்ததையும் அந்த அறிவிப்பில் சேர்க்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். தயவுசெய்து இதையும் உரிய பிரிவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இதை எழுதும்போதும் பட்டை என் கையில்தான் இருக்கிறது. சத்தமே இல்லை. நான் நன்றாக இருப்பதாலா, இன்னும் அதன் வாயைத் திறந்துவிடாததாலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் இந்த மாடியில் யாருக்கும் தெரியவில்லை.

இடம்: மூன்றாம் மாடி, சன்னலோரக் கட்டில்
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்