வெள்ளிக்கிழமை மாத்திரைகள்

என் ஆசை அண்ணிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம். பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே 'ஆறாத் துயரில் வாடும்' என்று எங்கள் பெயர்களை வரிசையாக அடுக்கலாம் என்றான் தியாகு. உங்கள் பிள்ளைக்குத் தன் பெயரை அச்சில் பார்க்க எப்போதுமே ஆசை. ஆறாத் துயரில் வாடுகிறவன் போன வாரம் கறியில் உப்புப் போதவில்லை என்று இரண்டு தடவை தட்டைத் தள்ளினான். விளம்பரம் வேண்டாம், நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அதைப் போடச் சொல் என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

முதலில் செய்தி. நான் இப்போது என் கிளேபாங் வீட்டில் இல்லை. கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தியாகு என்னைக் காஜா பேராங்கில் உங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். உங்கள் அறைதான், உங்கள் கட்டில்தான். இன்னொரு சொத்தும் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் மாத்திரை. உடம்பில் தேங்கிய நீரை வெளியே தள்ளுகிற அதே சின்ன வெள்ளை மாத்திரை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கிய பிறகு வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறிப் போய், நம்மவர் வந்திருக்கிறார் அல்லவா? நாற்காலியில் ஆள்தான் மாறியிருக்கிறது. இவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. காலை விரலால் அமுக்கினார், பள்ளம் விழுந்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். மாத்திரை போட்டால் 'கொஞ்சம்' அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்றார். கொஞ்சமாம். காலை ஏழு மணிக்கு விழுங்கினால் பதினொரு மணிக்குள் ஆறு தடவை. நம் வீட்டுக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அந்த மகானுக்குத் தெரியுமா? அடுப்படியைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, வாழை மரத்துக்குப் பின்னால். மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் சேலைக் கொசுவமுமாக ஓடிப் பார்த்தால் அவருக்கும் 'கொஞ்சம்' புரியும்.

ஓட்டத்தோடு முடிந்தால் பரவாயில்லை. சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, சுவரைப் பிடித்து நின்று பத்து எண்ண வேண்டியிருக்கிறது. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்கிறது. நாக்கு ஒட்டிப்போகிறது, தண்ணீர் குடித்தாலோ அதற்கும் அளவு சொல்கிறார்கள். மாத்திரை நீரோடு சேர்த்து உடம்பிலுள்ள சத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம், அதனால் தினம் இரண்டு வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர். வாழைப்பழத்தை அவர்தான் கண்டுபிடித்ததுபோல் ஒரு தோரணை. ஒரு பக்கம் பிடுங்கிவிட்டு மறுபக்கம் தின்னச் சொல்லும் வைத்தியம், இதற்கு ஆஸ்பத்திரியில் வரிசை வேறு.

இதையெல்லாம் நீங்கள் இரண்டு வருடம் அனுபவித்தீர்களே, ஒரு நாளாவது வாயைத் திறந்தீர்களா? அண்ணியின் பொறுமை வருமா, அண்ணியின் அடக்கம் வருமா என்று ஊரே இன்னும் பேசுகிறது. எனக்கு அந்தப் பொறுமையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவேன். நீங்கள் மாத்திரை தொடங்கிய வருடம் அண்ணனின் திதியும் ஒரு வெள்ளியில் வந்தது. கூடத்தில் பத்துப் பேர். வடை சுட்டுக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று கரண்டியை என் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் ஓடினீர்கள். நம் சந்தில் தெருப் பைப்பில் தண்ணீர் வந்ததும் பெண்கள் ஒரு ராகம் போட்டுக் கூவுவார்களே, அதே ராகத்தில் நான் கூவினேன்.

"பைப்பு தொறந்துருச்சு, வாளி எடுத்துட்டு வாங்க."

கூடமே சிரித்தது. தியாகு விழுந்து விழுந்து சிரித்தான். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது என்னவென்று கேட்டீர்கள், யாரோ சொன்னார்கள், நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் பெயர் பைப்பு. பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மலாயிலும் அது பைப்புதானே, அவருக்கும் விளங்கிவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நான் ஒரு மாதம் பூரித்துக் கிடந்தேன்.

அடுத்த வெள்ளியிலிருந்து நீங்கள் ஓடவில்லை. நான் இருக்கிற நேரமெல்லாம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தீர்கள். பார், உடம்பு தேறிவிட்டது என்று எல்லாரிடமும் நானே சொல்லித் திரிந்தேன்.

பிறகு போன வருடம் காற்றில் என் கிளேபாங் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோய், எட்டு நாள் உங்களோடு வந்து தங்கினேன். எட்டு நாளும் தாயம் ஆடினோம். ஆட்டத்தை விட்டு நீங்கள் அநேகமாக எழுந்ததே இல்லை. கடைசி நாளில் உங்கள் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

"என்ன அண்ணி, காலு இப்படி வீங்கியிருக்கு?"

"உப்பு கூடிப்போச்சு பாக்கியம். நீ தாயத்தப் போடு."

நான் போட்டேன். ஜெயித்தேன் என்றுகூட ஞாபகம். கிளேபாங் திரும்பிய மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்கள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று.

போன மாதம் உங்கள் மருமகள் அலமாரியைச் சுத்தம் செய்தபோது சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை மாத்திரை. மருந்தைக் குப்பையில் போட மனம் வராமல், அன்றைய தாளைக் கிழித்து அதிலேயே மடித்து வைத்திருக்கிறீர்கள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெள்ளி. வெள்ளி. அடுத்ததும் வெள்ளி. டின்னின் மேலாக எட்டுப் பொட்டலங்கள் மட்டும் வேறு மாதிரி. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று விடாமல் அடுத்த வெள்ளி வரைக்கும்.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று உங்கள் மருமகளுக்கும் தெரியும். டின்னை என் மடியில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். இந்தக் குடும்பத்தில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

டின்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். உங்கள் இருதயமே பலவீனமாம், மாத்திரையை விட்டதனால்தான் என்று சொல்ல முடியாதாம், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாமாம். அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அந்த ஆறுதலை அவரே வைத்துக்கொள்ளட்டும். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லையே.

ஏன் அண்ணி? அந்தக் கரண்டியாலேயே என் வாயில் ஒன்று போட்டிருக்கக் கூடாதா? போடி உன் வாயும் நீயும் என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் என்ன செத்தா போயிருப்பேன்? என் ஒரு சொல்லுக்குப் பயந்தா நீங்கள் மருந்தை விட்டீர்கள்? ஊரில் யாரைக் கண்டாலும் எனக்கு இளப்பம். எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டேன், என்னைவிடக் கேவலமான ஆளை நான் இன்னும் காணவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேத்தி மல்லிகாவுக்குக் கல்யாணம். கோயில் மண்டபம். நம் பக்கத்தில் பெரியவள் என்று நான் ஒருத்திதான் மிச்சம், அதனால் மணவறைக்கு நேர் எதிரே முன்வரிசையில் எனக்கு நாற்காலி. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. மாத்திரையும் அந்த நேரத்தில்தான் முழு உத்தியோகத்தில் இருக்கும். நேற்றுத் தியாகு வந்து தலையைச் சொறிந்தான்.

"அத்தை, ஞாயித்துக்கிழம மட்டும் அந்த மாத்திரைய விட்டுடுங்கலா. ஒரு நாளுதானே."

ஏன் என்று கேட்டேன்.

"மாப்பிள்ள வீட்டுல பெரிய பெரிய ஆளுங்க வராங்க. தாலி கட்டுற நேரத்துல நீங்க எந்திரிச்சிப் போனா அபசகுனம்பாங்க. நமக்குத்தான் மாலு."

மாலுவாம். வெட்கத்தைத் தமிழில் சொல்லக்கூட வெட்கம் அவனுக்கு. டின்னை எடுத்து அவன் முன்னால் திறந்து வைத்தேன். உங்கள் பிள்ளைக்கு எதுவும் நிதானமாகத்தான் ஏறும், உங்களுக்குத் தெரியும். ஐந்தாறு தாளைப் பிரித்து வாசித்தான். எட்டுப் பொட்டலத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். அன்று கூடத்தில் சிரித்தவர்களில் அவனும் ஒருத்தன். தாள்களைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு, கதவோரமாக நாற்காலி போடட்டுமா அத்தை என்று கேட்டான்.

வேண்டாம், முன்வரிசையிலேயே போடு என்றேன்.

அதனால் அண்ணி, நான் கொடுக்கிற வாக்கு இது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்க்க, வாழைப்பழத்தோடு மாத்திரையை விழுங்குவேன். வர வேண்டிய நேரத்தில் அது வரும். கெட்டிமேளமே கொட்டினாலும் எழுந்திருப்பேன், கண் இருட்டாமல் இருக்க மெதுவாகத்தான் எழுந்திருப்பேன், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே அந்தப் பழைய ராகத்தில் சொல்லுவேன், பைப்பு தொறந்துருச்சு, வழி விடுங்க என்று. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், இனி நான்தான் சுமப்பேன். உங்கள் பிஸ்கட் டின் என் தலைமாட்டில் இருக்கிறது. அதில் புதிதாக ஒரு பொட்டலம் விழாது.

உங்கள் நாத்தனார்,
பைப்பு பாக்கியம்