ஊரார் போட்ட சட்டம்

காக்ஸ் டவுன், பெங்களூர்
12-6-1958

அன்புள்ள நைனாவுக்கு, மகள் தவமணி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம். சுரங்கத் தூசியில் வந்த இருமல் இப்போது தேவலையா?

நைனா, ஜெயித்துவிட்டேன்! எங்கள் தொழிற்சாலைக்காரர்களின் வீடு கட்டும் சங்கத்தில் கல்யாணமாகாத பெண் சேர்வதென்றால் தகப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது பைலா, அதாவது சங்கத்து விதி. நேற்றுக் கூட்டத்தில் எழுந்து, அதை மாற்றச் சொன்னேன். பயப்படாதீர்கள், சண்டையெல்லாம் இல்லை.

செயலாளர் சம்பங்கி சார்தான் முறைத்தார். "பைலான்னா மேலேருந்து வர்ற சட்டம்மா. நாம மாத்த முடியுமா?"

"மேலேருந்துன்னு யார் சொன்னது சார்? டிக்ஷனரில பாருங்க."

அவரே எடுத்துச் சத்தமாகப் படித்தார். பழங்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறிய கடலோடிகளின் பாஷையில் 'பை' என்றால் ஊராம். ஊரார் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம்தான் பைலாவாம்.

கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நாமதான் ஊரு. மாத்தலாம்னா கை தூக்குங்கப்பா!" முதல் கை அவருடையது. பிறகு அறை முழுக்கக் கைகள்!

இங்கே குளிர் அதிகம். என் பழைய போர்வையும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. கையெழுத்துப் போட இனி நீங்கள் ரயிலேற வேண்டியதில்லை, நைனா. என்னைப் பார்க்க ஏறுங்கள்.

தவமணி