நவம்பர் முதல் தேதியும் மல்லாட்டை உருண்டையும்

அன்புத் தம்பி தணிகாசலத்துக்கு,

நீ இருக்கும் இடத்தில் நாள் நட்சத்திரம் உண்டா என்று தெரியவில்லை. இங்கே எனக்கு ஒரு நாள் பிடிபடாமல் நிற்கிறது.

நவம்பர் முதல் தேதி. கிழக்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறிய நாள். இரண்டாண்டு கழித்து அதே தேதியில் நம் மாநிலம் மொழிவழி அமைந்த நாள். வரலாற்று ஆசிரியனான நீ ஆண்டுதோறும் அன்றைக்கு வளவனூர் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வருவோர் போவோர்க்கெல்லாம் வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை கொடுப்பாய். அரசு தமிழ்நாடு நாளை ஜூலைக்கு மாற்றிய பிறகும் நீ மாறவில்லை. "மாத்தினவங்க அந்த மாசத்துல குடுக்கட்டும்ண்ணா. என் கை நவம்பர்லதான் நீளும்" என்று சிரித்தாய்.

சென்ற ஆண்டு அதே தேதியில், தட்டு காலியாகுமுன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழவில்லை.

இனி அது விடுதலை நாளா, மாநிலம் அமைந்த நாளா, என் தம்பி போன நாளா? கையறுநிலைப் பாடல்களுக்குக் காலமெல்லாம் வகுப்பில் உரை சொன்னவன் நான். எனக்கென்று வந்தபோது உரை கிடைக்கவில்லை.

போன வாரம் உன் மகள் மலர்விழி திண்டிவனத்திலிருந்து வந்தாள். ஒன்றாம் தேதி உருண்டை கொடுக்கப் போவதாகச் சொன்னாள். துக்க ஆண்டு கழியாத வீட்டில் இனிப்பா என்று தடுத்தேன்.

"இன்னா பெரியப்பா, பஞ்சாங்கம் பாக்கலியா நீங்க? திதி முன்னாடியே வந்துடுது. தெவசம் குடுத்துட்டா வருஷம் முடிஞ்சுதுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருப்பீங்க?"

பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஊருக்கெல்லாம் திதி பார்த்துச் சொல்லும் நான், உனக்கு மட்டும் இங்கிலீஷ் தேதியில் துக்கம் காத்திருக்கிறேன். காலண்டர் வாத்தியார் என்று உன்னைக் கேலி செய்தேனே, அந்தக் கணக்கு எனக்குள் எப்போது புகுந்தது?

"கடசியில அப்பாவே கெலிச்சிட்டாரு" என்று சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

சாத்திரம் விட்டுவிட்டது, நெஞ்சு விடவில்லை, தம்பி. நீ சரிந்த இடத்திலேயே நின்று இனிப்பை நீட்டலாமா? வாங்குகிறவர், "இன்னிக்கு இன்னா விசேஷங்க?" என்று கேட்டால் எதைச் சொல்வேன்? காலமே இறைவன் வடிவம் என்று தினமும் ஓதுகிறேன்; அவன் ஒரே நாளில் கொடுத்ததையும் எடுத்ததையும் எப்படிப் பிரித்துப் படிப்பது?

விடை தெரியாமலேயே வாக்குக் கொடுக்கிறேன். திதியன்று உபவாசம் இருப்பேன். ஒன்றாம் தேதி மலர்விழியோடு நிறுத்தத்துக்கு வருவேன். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் தெரியவில்லை. தட்டு என் கையில்தான் இருக்கும். அது காலியாகும் வரை உட்காரமாட்டேன்.

உன் கூடப் பிறக்காத அண்ணன்,
திருவேங்கடம்,
வளவனூர்.