தராசுக் கொக்கியில் தொங்கிய ஜாக்கெட்

மக்கா, உன் பையை இன்றுதான் திறந்தேன். முதலில் வந்தது புற்றுமண் வாசனை. தீவில் பாம்பு, தேள் எதுவும் அண்டக்கூடாதென்று உன் அம்மா கோவிலிலிருந்து வாங்கி மடித்துவைத்த பொட்டலம். உப்புக்காற்று பட்டு இறுகிக் கிடக்கிறது. பாம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் அதை அனுப்பினார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் அதனிடம் சொல்லவில்லை.

தீவுப் பயணம் என்றாலே கனத்தைக் குறைக்க உங்கள் பூக்கடைத் தராசில் பைகளைத் தொங்கவிடுவாய். "ஏலே, கூடாரத்தோட ஒங்க வீட்டையும் பேத்துக் கொண்டாந்துட்டியா?" என்பாய். முதல் தடவை பானையைக் கழித்தாய். அடுத்த தடவை பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தாய். "இனி பல்லையும் கழட்டி வச்சிரு வே, பிரஷ்ஷே வேண்டாம்" என்றேன். பதிலுக்கு என் பைக்குள் செங்கலை ஒளித்துவைத்தாய்.

கடைசிப் பயணத்தில் கயிறு போனது. பிறகு லைஃப் ஜாக்கெட்டுகள். "கெணத்துல தலைகீழா குதிக்கவனுக்கு இது எதுக்குல?" என்று கொக்கியிலேயே மாட்டிவிட்டாய். நம் சங்கரன்கோவிலில் நீச்சல் என்றால் கிணறுதான். அந்தத் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். குதித்த படியிலேயே ஏறிவிடலாம்.

படகுக்காரர் நம் முதுகுகளைப் பார்த்தார். "இம்புட்டுத்தான் சாமானா தம்பி?"

"காத்து மட்டும் அங்கன கெடைக்கும்னு விட்டுட்டு வந்தோம் அண்ணாச்சி" என்றாய். அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார்.

மதியம் நீர் வற்றி, தீவுக்கு எதிரே ஒரு மணல்திட்டு தெரிந்தது. பையை வைத்துவிட்டு நடந்தே போனாய். திரும்பும்போது நடுவில் தண்ணீர் இருந்தது. என்னைப் பார்த்து நேராகத்தான் நீந்தினாய். ஆனால் ஒவ்வொரு கைவீச்சுக்கும் பக்கவாட்டில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாய். வீசுவதற்குக் கயிறு இல்லை. பிறகு தலை தெரியவில்லை. உன் பை மணலில் காற்றோடு உருண்டு வந்து என் காலில் முட்டி நின்றது. அவ்வளவு லேசு.

இன்று அதே தராசின் முன்னால் உன் தம்பி. நீ போன இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். யார் சொல்லியும் கேட்கவில்லை. நானும் கூடப் போகிறேன் என்றதும், உன் அப்பா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

அவன் பையிலிருந்து ஜாக்கெட்டை உருவினான். "கனக்கு அண்ணே."

உன் குரல், அச்சு அசல்.

ஜாக்கெட்டை அவனுக்கே மாட்டி, வாரை இறுக்கி, பூக்கட்டும் நூலால் முதுகில் ஏழெட்டு முடிச்சுப் போட்டேன். "இப்பம் பையில கனமே இல்லல்லா?"

"பஸ்ஸ்டாண்டுல சிரிப்பாவ அண்ணே!"

"சிரிக்கட்டும்ல. சங்கரன்கோவிலுக்கு வெள்ளம் வருதுன்னு நெனச்சுக்கிடுவாவ."

சிரித்தான். உன் அப்பா சிரிக்கவில்லை. அருகே வந்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.

விடிந்தால் பஸ். கடைவாசலில் காற்று திசைமாறி அடிக்கிறது, வெறும் கொக்கி தானாக ஆடுகிறது. உன் பையைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் கயிறு இருக்கிறது, என் ஜாக்கெட் இருக்கிறது, உன் அம்மாவின் பொட்டலம் இருக்கிறது. நிறுத்துப் பார்க்கவில்லை மக்கா. கனக்கட்டும்.