பெட்டிக்கு ஜனவரி

அக். 1, புதன்
விடிஞ்சதிலிருந்து தூறல். ஆயுத பூஜை. தெருமுனை துர்கா பந்தலில் வங்காளிகளோட தாக் மேளம், ஜன்னல் கம்பி வரைக்கும் அதிருது.
பூஜையில் வைத்தது: அரிவாள்மணை, கத்தரி, தையல் மிஷின், மிக்ஸி, துறைமுகத்தில் ரிடையர் ஆனப்போ அவர் கொண்டுவந்த ஸ்பானர் ரெண்டு. அப்புறம் ரே.யின் பெட்டி.
ரே. என்றால் ரேவதி. எனக்கு நானே எழுதிக்கிற நோட்டில் இது எதுக்கு. ஆனாலும் ஒரு தடவை முழுசாக எழுதணும்போல இருக்கு. ரேவதி. என் மகள். முப்பத்தொரு வயசு. மார்ச்சில் காய்ச்சல், ஆறே நாள்.
பெட்டி என்பது அவளோட பழைய கம்ப்யூட்டர். வருஷா வருஷம் அதுக்கும் பொட்டு வைப்பேன், ஆனா அணைக்க விடமாட்டா. "எல்லாத்துக்கும் லீவு குடும்மா. இதுக்கு மட்டும் கிடையாது." அவ போனப்புறம் ஏழு மாசம் நானும் தொடல. இன்னைக்குப் பொட்டு வைக்கும்போது கை வைச்சா சூடு. காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தி மாதிரி. உழைச்சவளே போயிட்டா, நீயும் ஒரு நாள் படுன்னு சொல்லி, பின்னாடி இருக்கிற சுவிட்சையே அமுக்கிட்டேன்.
வெளியே அத்தனை மேளம். உள்ளே அப்படி ஒரு அமைதி.

அக். 2, வியாழன்
விஜயதசமி. காலை ஆறு மணிக்குக் குளிச்சிட்டு வந்து பெட்டியைப் போட்டேன். ஒரு கூவல். ஏதோ எழுத்து வந்து நின்னது. F1 அமுக்குன்னு இருந்தது, அமுக்கினேன். ஓடிச்சு. அப்பாடா.
ஆனா ஆறு மணி வரிகள் வரல. மொத்தம் நாப்பத்திரண்டு வரி. தினமும் காலையில் பெட்டி தன்னைத் தானே சோதிச்சுப் பார்த்துக்கும். சரியா இருந்தா வரி பச்சை, தப்புன்னா சிவப்பு. ரே. நியூ டவுன் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததும் பத்து மணிக்குப் போன் பண்ணுவா. "அம்மா, சிவப்பு உண்டா?" "இல்லடி." "சரி, வெக்கிறேன்." நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். பச்சை சிவப்பு தெரியறதுக்கு அது போதும்.
மதியம் பன்னிரண்டு. சாதம் வடிக்கும்போது திரை திடீர்னு ஓட ஆரம்பிச்சது. அதுக்கு அப்பதான் காலை ஆறு மணி! மூலையில் தேதி பார்த்தேன். ஜனவரி 1, 2005.
வரிகளில் பத்துப் பன்னிரண்டு சிவப்பு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பார்த்ததில்லை. அடுப்பில் சாதம் குழைஞ்சுபோச்சு.
கீழ் வீட்டு வங்காளி அண்ணி, பௌதி, சிந்தூர்க் குங்குமம் பூசின முகத்தோட சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தாங்க. "என்ன சரோஜா தீதி, பேய் பார்த்த மாதிரி இருக்கீங்க?" ஒண்ணும் இல்லைன்னேன்.

அக். 3, வெள்ளி. பெட்டிக்கு ஜன. 2
மிதாலி போன். ரே.கூட ஆபீசில் வேலை செய்த வங்காளிப் பொண்ணு. என்னை மாஷிமா, அதாவது சித்தின்னு, கூப்பிடுவா. ரே. தனியா, சம்பளமில்லாமல், ஊருக்கெல்லாம் செய்து வச்ச சாமானை இப்போ இவள்தான் பார்த்துக்கறா.
என்ன சாமான்: கம்ப்யூட்டரில் பழைய குப்பையைத் தேடி அழிக்கிறது. படம் கிடையாது, அமுக்கற பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வார்த்தை அடிச்சா போதும். முப்பது நாளுக்கு முந்தினதை அழின்னா அழிக்கும். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா உள்ளே பார்த்துத் திருத்தலாம். பழைய பெட்டி வச்சிருக்கிற ஏழைப்பட்ட இடங்களில்தான் அதிகம் ஓடுதாம். அதனால எந்தத் திருத்தமும் முதல்ல நம்ம வீட்டுப் பெட்டியில் ஓடிக் காட்டணும். இல்லைன்னா வெளியே போகாது.
"மாஷிமா, ரெண்டு நாளா உங்க பெட்டியிலேருந்து ஒரு சேதியும் வரல. என்ன ஆச்சு?"
சொன்னேன். பூஜை, பொட்டு, சுவிட்ச் எல்லாம்.
"அதுக்கு லீவு விட்டீங்களா?" சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. நாளைக்கு வர்றாளாம்.
சாயங்காலம் அவர் கத்தல். "தேதி தெரியாத பொட்டி முன்னாடி என்னடி உக்காந்துகிட்டு? வித்துத் தொலை."
பெட்டிக்கு 2005ன்னா, அங்கே ரே.க்குப் பத்து வயசு. அஞ்சாம் வகுப்பு. ரெண்டு சடை.

அக். 4, சனி. பெட்டிக்கு ஜன. 3
மி. வந்தா. கையில் பை நிறைய வொயர். பெட்டி உள்ளே ஒரு பொட்டு பாட்டரி இருக்காம், ரூபாய்க் காசு அளவு. அதுதான் தேதியை ஞாபகம் வச்சுக்கும். எப்பவோ செத்துப்போச்சு. இன்வெர்ட்டரில் பெட்டி அணையாம இருந்ததால யாருக்கும் தெரியல. நான் சுவிட்சை அமுக்கினதும் எல்லாம் மறந்து, பிறந்த தேதிக்குப் போயிடுச்சு. வெளியிலிருந்து நேரம் கேட்டு வாங்கிக்கறதை ரே.யே நிறுத்தி வச்சிருந்தாளாம், சோதனைக்காக. தேதி தப்பா இருந்தா வெளியே யாரும் உள்ளே விடமாட்டாங்களாம், அதான் சேதி போகல.
"அஞ்சு நிமிஷ வேலை மாஷிமா. பாட்டரி போட்டுத் தேதி வச்சிடலாம்."
அப்புறம் சிவப்பு வரிகளை ஒவ்வொண்ணாப் படிச்சா. டீ ஆடை கட்டிப்போச்சு.
"இங்கே பாருங்க. நேத்து செஞ்ச பைல், போன மாசம் செஞ்சது, எல்லாத்தையும் அழிச்சிருக்கு. சோதனைக்கு வச்ச பைல்தான், பயப்படாதீங்க. ஆனா..."
எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: பெட்டிக்கு இது 2005. பைல் எல்லாம் இனிமேல் வரப்போற வருஷத்தில் செஞ்சது. இன்னும் வராததுக்கு வயசு எவ்வளவுன்னு கேட்டா சாமானுக்கு விடை தெரியல. கழிச்சுப் பார்த்து, கணக்கு தலைகீழாப் போய், ரொம்ப ரொம்பப் பழசுன்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் அழிச்சிடுது. உலகத்தில் எங்கே ஒரு பழைய பெட்டியில் பாட்டரி செத்தாலும் அந்த வீட்டில் இருக்கிறது மொத்தமும் போகும்.
"யார் எழுதினது அந்த இடம்?"
மி. தலையைக் குனிஞ்சா. "ரேவதி தீதி. ஆறு வருஷம் முன்னாடி."
திரையில் காட்டினா. ஒரே ஒரு வரி. பக்கத்தில் அவ பேர், தேதி. வருத்தம் வரும்னு நினைச்சா போல. எனக்கு அவ கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. இத்தனை நாளா எல்லாரும் அவ நல்லதை மட்டும்தான் சொல்றாங்க. தப்புப் பண்ற பிள்ளைதான் என் பிள்ளை.
திருத்தினா இந்த வரி போயிடுமான்னு கேட்டேன். போகாதாம். பழசு எல்லாம் யார் எப்போ எழுதினாங்கன்னு அடியில் அப்படியே இருக்குமாம்.
தேதியை இப்போ மாத்த வேண்டாம்னு அவளே சொன்னா. தப்புத் தேதியில் வச்சுத்தான் திருத்திப் பார்க்கணும். ஒரு வாரம் ஆகும்.
ஒரு வாரம்! வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கிட்டேன்.

அக். 5, ஞாயிறு. பெட்டிக்கு ஜன. 4
இந்த நாள் எனக்குத் தெரியும். அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்து ரெண்டாம் நாள் முதுகில் ஒரு கொப்புளம்னு காட்டினா. அம்மை. வாசலில் வேப்பிலை சொருகினேன். வீட்டுச் சொந்தக்காரர் அதைப் பார்த்துட்டு, மதராஸிக்காரங்க என்ன பூஜை பண்றாங்கன்னு கேட்டார்.
இன்னைக்கும் கடைக்குப் போனப்போ வேப்பங்கொத்து வாங்கிட்டேன். இங்கே பொரிச்சுத் தின்ன விக்கிறாங்க. ஒரு கொத்தைப் பெட்டி மேல வச்சேன். பைத்தியம்னு தெரியும்.

அக். 8, புதன். பெட்டிக்கு ஜன. 7
வெயில். மழைத் தண்ணி வடிஞ்சுபோச்சு. வாங்க வேண்டியது: புளி, சீயக்காய், அவருக்கு பிரஷர் மாத்திரை. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ நல்லா இல்லை.
இப்பெல்லாம் மத்தியானம் அடுப்பை அணைச்சிட்டு உக்காந்துடறேன். பன்னிரண்டு மணிக்கு அங்கே விடியுது. லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் ரயில் போற சத்தம் தண்ணிக்கு அடியிலிருந்து வர்ற மாதிரி கேக்குது. அந்தப் பக்கம் பிள்ளை பாயில் படுத்திருக்கு, அரிக்குது அரிக்குதுன்னு முனகுது. இந்தப் பக்கம் நான் விசிறியோட. நடுவுல ஒரு கண்ணாடிதான்.
கண்ணு சொக்கிடுச்சு போல. எழுந்து பார்த்தா அவர் வாசல்படியில் நிக்கிறார்.
"இன்னைக்கு அங்க என்ன தேதி?"
"ஏழு."
"அப்போ ராத்திரி ஷிப்ட் எனக்கு. அம்மை போட்ட வீடுன்னு பகல்ல யாரும் தூங்க விடல." சொல்லிட்டுப் போயிட்டார். மார்ச்சுக்கு அப்புறம் அவர் வாயில் அவளைப் பத்தி வந்த முதல் பேச்சு.

அக். 12, ஞாயிறு. பெட்டிக்கு ஜன. 11
மி. வந்தா. திருத்தியாச்சாம். தப்புத் தேதியில் ஓட்டிக் காட்டினா. எதையும் அழிக்கல. "ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிறவங்களுக்கு எச்சரிக்கை போட்டிருக்கேன். ஆனா யார் படிக்கிறாங்க? இனிமே சரியான தேதி வச்சு மிச்ச வரிகள் ஓடிப் பச்சை ஆனா வெளியே விட்டுடலாம்." பையிலிருந்து பாட்டரியை எடுத்தா. வெள்ளிக் காசு மாதிரி மின்னுது.
"வேண்டாம்"னு சொல்லிட்டேன். என் குரலே எனக்குப் புதுசா இருந்தது.
"மாஷிமா?"
"பெட்டிக்குப் பதினாலு வர்ற வரைக்கும் விடும்மா. இன்னும் மூணு நாள்."
பதினாலுன்னா என்னன்னு கேட்டா. பொங்கல்னு சொன்னேன். அவங்களுக்கு அது பௌஷ் சங்கராந்தி. அன்னைக்குத்தான் ரே.க்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினோம். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வச்ச தண்ணி. குளிச்சு வந்து, பத்து நாள் பட்டினி கிடந்த குரலில், "அம்மா, சக்கரைப் பொங்கல் ரெண்டு தடவை போடுவியா?" ன்னு கேட்டா. அந்த நாளை மட்டும் பார்த்துக்கறேன்.
மி. பாட்டரியைத் திரும்பப் பையில் போட்டுக்கிட்டா. அவ பை ஜிப்பை இழுத்த சத்தம் இன்னும் குத்துது.

அக். 13, திங்கள். பெட்டிக்கு ஜன. 12
வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி வாங்கி வச்சாச்சு.
பதினொரு மணிக்கு மி. போன். ஏதோ தூர தேசத்தில் ஒரு அம்மாவோட கடிதமாம். பழைய பெட்டி, வீடு மாத்தும்போது கழட்டி வச்சிருந்தாங்க, பாட்டரி செத்திருக்கு. போட்டதும் நம்ம சாமான் தானா ஓடி எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. உள்ளே இருந்தது அவங்க மகன் குரல். சின்னதில் பாடினது, பேசினது.
"மகன் இருக்கானா?"
"எழுதலை மாஷிமா. நான் கேக்கலை."
கேக்க வேண்டாம்.
"எப்போ போச்சு? எப்போ அழிஞ்சது?"
"நேத்து சாயங்காலம்."
நேத்து மத்தியானம் பாட்டரி என் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போச்சு. திருத்தினதை நேத்தே வெளியே விட்டிருந்தாலும் அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காதுன்னு மி. சத்தியம் பண்றா. இருக்கலாம். நாளைக்கு யாரோ. நாளன்னைக்கு யாரோ. என் ஒரு பொங்கலுக்கு.
"இன்னைக்கே வா. ஆபீஸ் முடிஞ்சு நேரா வா."
சாயங்காலம் வந்தா. பெட்டியை அணைச்சது நான். மூடியைத் திறந்தா உள்ளே ஏழு மாசத் தூசி, ரே.யோட நீண்ட முடி ஒண்ணு. அதை எடுத்துத் தாலிச் சரட்டில் சுத்திக்கிட்டேன். பழைய பாட்டரியை நெம்ப மி.க்கு வரலை. அவர் வந்து, துறைமுகத்துக் கையால ஒரே நெம்பு. "நகருங்க ரெண்டு பேரும். இதுகூடத் தெரியாம என்னத்தைச் சோதிக்கிறீங்க." புதுசை நான் வச்சேன். தேதியை மி. சொல்லச் சொல்ல ஒத்தை விரலால் அடிச்சது நான். 2025 அடிக்கும்போது விரல் நின்னுச்சு. அப்புறம் அடிச்சேன்.
மி. சொன்னா, இந்தத் தப்பு இனி ஒருநாளும் திரும்ப வரக்கூடாதுன்னு புதுசா ஒரு சோதனை சேர்க்கிற வழக்கமாம். நாப்பத்திமூணாவது வரி. அது ஓடும்போது பெட்டி தேதியைப் பழைய காலத்துக்குத் தள்ளி, எதையும் அழிக்காம இருக்கான்னு பார்த்துட்டு, திரும்பி வந்துடும். ஒரு கண் சிமிட்டற நேரம். தினமும். கண்டுபிடிச்சவர்னு என் பேரைப் போட்டிருக்கா. நான் எங்கேம்மா கண்டுபிடிச்சேன், லீவு விட்டேன்னேன். பாதித் தப்பு அப்படித்தான் அகப்படுதாம்.
"எந்தத் தேதிக்குத் தள்ளட்டும் மாஷிமா? பழசா எது இருந்தாலும் சரி."
அவர்தான் முந்திக்கிட்டார். "ஜனவரி பதினாலு. ரெண்டாயிரத்தி அஞ்சு."

அக். 14, செவ்வாய்
காலை ஆறு. பனி மாதிரி மூட்டம். ரெண்டு பேரும் பெட்டி முன்னாடி. அவர் கையில் காபி ஆறுது.
நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு, பச்சை. ஒரு துளி நின்னுச்சு.
நாப்பத்திமூணு. பச்சை.
"பார்த்தியாடி?" ன்னார். பார்த்தேன்.
பத்து மணிக்குப் போன். "மாஷிமா, சிவப்பு உண்டா?"
"இல்லடி."
அடுப்பில் வெல்லம் இளகுது, போய்ப் பார்க்கணும்.