கார் திரையில் வந்த உன் சேதி

ஆரணி,
திங்கட்கிழமை.

மகன் கிளமெண்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தக் கனடா குளிரில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், நலம் என்று எழுத இந்த வாரம் மனசு வரவில்லை. போனில் கூப்பிட்டே திட்டியிருப்பேன், ஆனால் அந்தப் பேச்சு எந்தத் திரையில் போய் ஓடுமோ, அதனால்தான் தபால். உன் தங்கை இவாஞ்சலின் நடந்ததை உனக்குச் சொல்லியிருப்பாள், நான் சொல்வதையும் கேள்.

போன லீவில் வந்தவன் பெற்றவளோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசினாயா? காரைப் பிரித்துப் போட்டு, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பிடுங்கிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டையும் ஒரு திரையையும் நீயே ஒயர் இழுத்து மாட்டினாய். கடையில் விற்கிற செட்டெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது என்று பீற்றிக்கொண்டாய். போனில் தெரிவதெல்லாம் காரில் தெரியுமாம், ஒயரைக் குத்தினால் தானாகவே சேர்ந்துகொள்ளுமாம். எனக்குக் கண் மங்கல் என்று எழுத்தை வேறு போஸ்டர் மாதிரி பெரிதாக்கினாய். அப்புறம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, வருகிற மெசேஜைத் திரையில் காட்டுகிற செட்டிங்கை மட்டும் ஆஃப் பண்ணி வையுங்கள் என்றாய். நான் பண்ணவில்லை. கல்லறைச் சங்கத்துக்குச் செயலாளர் நான், பங்குக் கோயில் குரூப்பில் சாவுச் சேதி வந்தால் வண்டியில் இருக்கும்போதே தெரிய வேண்டும், குழி வெட்ட ஜல்தியாய் ஆள் சொல்ல வேண்டும். அந்த செட்டிங் என் போனுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். யார் போனைக் குத்தினாலும் அதேதான் என்று சொல்ல உனக்கு என்ன கேடு?

வியாழக்கிழமை தேசூரிலிருந்து மாப்பிள்ளை சார்லியின் அம்மா சூசைமேரி கல்யாணப் புடவை எடுக்க வந்தார்கள். அவர்களும் உன் அம்மாவும் பின்சீட்டில், இவாஞ்சலின் முன்னால். சார்ஜ் இல்லை என்று அவள் தன் போனில் ஒயரைக் குத்தினாள். ஆற்றுப் பாலத்தில் நெல் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறோம், வந்தது உன் மெசேஜ். “ஈவா, சார்லிக்கு ஜனவரியிலயே வேலை போயிடுச்சு, அவங்க வூட்ல மறைக்கிறாங்க. கோயில்ல ரெண்டாவது கல்யாண ஓலை படிக்கிறதுக்குள்ள நிறுத்து. அப்பாகிட்ட சொல்லாத, அவரு குதிப்பாரு.” போஸ்டர் எழுத்தில்! அதை மறைக்கலாம் என்று விரலை வைத்தேன், உங்கள் ரெண்டு பேர் பேச்சு முழுவதும் திறந்துகொண்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டேன், அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள். “வண்டிய ஓரங்கட்டுங்க சம்மந்தி. வூட்டுக்குள்ள என் புள்ளய இப்படிப் பேசிகினு இருந்துட்டு எனக்குப் பொடவ எடுக்க வந்தீங்களா” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டார்கள். நடு ரோட்டில் நின்று கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. மானம் போயிற்று.

தங்கைமேல் அக்கறை என்பாய். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன் நான், என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்வது என்ன அக்கறை? வீட்டுக்கு வந்து, இந்தக் கல்யாணமே வேண்டாம், இப்போதே சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் இவாஞ்சலின் வாயைத் திறந்தாள். “எனக்கு மொதல்லயே தெரியும்பா. பொண்ணு பாத்துட்டுப் போன அந்த வாரமே அவரு எனக்குச் சொல்லிட்டாரு. இப்ப ரைஸ் மில்லுக்கு லோடு ஆட்டோ ஓட்டுறாரு. உங்ககிட்ட சொல்றேன்னுதான் நின்னாரு, நான்தான் வேணாம்னேன். தெரிஞ்சா நீங்க ஓலையே படிக்க வுட மாட்டீங்க.” உன் அம்மா நைசாக அடுப்படிக்குள் நழுவினாள். அவளுக்கும் தெரியும் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

மறுநாள் பஸ் ஏறி தேசூர் போனேன். அந்தப் பையன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தான். அவன் ஒன்றும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கவில்லை. அவன் அம்மாதான், உங்க புள்ள எங்கிட்டப் பேசட்டும் என்று ஒரே பிடியாய் நிற்கிறார்கள். இந்த லெட்டர் கைக்கு வந்த அன்றே அவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். சாக்குப்போக்கு சொல்லாதே. அந்தச் சனியன் பிடித்த திரையைக் கல்யாணத்துக்கு வரும்போது நீயே கழற்று.

நேற்றுப் பூசையில் ரெண்டாவது ஓலை படித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று சாமியார் வழக்கம்போலச் சொல்லி நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் தங்கை பீடத்தைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அவள் கை உன் அம்மா கையைப் பிடித்திருந்தது. கோயில் நிறைய சனம், அதில் என் மகளுக்கு என்னைக் கண்டுதான் பயம். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் என்னைப் பார்த்தால் அப்படித்தானா? இதற்குப் பதில் எழுது, தங்கைக்கு இல்லை, எனக்கு.

கோபம் கோபம்தான், ஆனாலும் என் ஆசீர்வாதத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. மாதா உனக்குத் துணை இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு.

உன்னைப் பெற்றவன்,
மைக்கேல்ராஜ்